கீழ்வீட்டில் எடுக்காது

டாக்குரியா, கொல்கத்தா
28 ஜூலை 2025

சிவராமுக்கு,

ஆசீர்வாதம் எதுவும் இந்தக் கடிதத்தில் இல்லை. இருக்கிற கோபத்துக்கே தாள் போதவில்லை. ஃபோனில் நான் குரலை உயர்த்தினால் "மீட்டிங்" என்று சொல்லி நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அதனால்தான் இந்த வயதில் ஸ்பீட் போஸ்ட் வரிசையில் நின்று தம்பிக்குக் கடிதம் அனுப்புகிறேன்.

பட்டாபி மாமாவுக்கு இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டில் இருக்கிறாரே, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அவரேதான். நீ வந்திருந்தபோது தமயந்தி மாமி உனக்கு அடை வார்த்துப் போட்டாளே, அந்த வீடு.

எப்படி உடைந்தது என்று கேள். போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் பிடித்த மழையில் தெருவே ஏரியாகிவிட்டது. நான் ஆபீஸிலிருந்து கிளம்பி, மெட்ரோ நின்றுபோய், காளிகாட்டில் மாட்டிக்கொண்டேன். மொபைல் டவர் எல்லாம் செத்துவிட்டது. அப்படிப்பட்ட நேரத்துக்காகத்தானே உன் கம்பெனி அந்தக் கைக்கருவியை விற்கிறது? நெட் வேண்டாம், சிம் வேண்டாம், டிவி கோபுரத்திலிருந்து படம் நேராக உள்ளங்கைக்கு வரும், ஊரில் எல்லா டவரும் விழுந்தாலும் வெள்ள எச்சரிக்கை மட்டும் நிற்காது என்று. எங்கள் பாடாவில், இந்தப் பேட்டை முழுக்க, அதற்கு "ஹாத் டிவி" என்று பெயரே வைத்துவிட்டார்கள், கை டிவி என்று.

எச்சரிக்கை வந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். மூன்றாம் மாடி தேப்நாத் வீட்டில் வந்தது. மழைத்தண்ணீரை இறைக்கிற பம்பு நின்றுவிட்டது, தாழ்வான வீடுகளில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மேலே போங்கள் என்று பெரிய எழுத்தில் வந்ததாம். கீழ்வீட்டில் வரவில்லை. மாமி, மாடிக்குப் போய்விடலாம் என்று இரண்டு தரம் கூப்பிட்டிருக்கிறாள். மாமா கட்டிலில் உட்கார்ந்து ஹாத் டிவியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "இதுல சொல்லுவாடி, சொன்னப்பறம் போலாம்" என்றாராம். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. தேப்நாத்தின் மனைவி, எங்கள் பௌதி, விஷயத்தைச் சொல்லப் படியிறங்கி வருவதற்குள் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கலாம் என்று மாமா காலைக் கீழே வைத்தார். ஷாக் தூக்கி எறிந்தது. உயிர் இருப்பதே பெரிது என்று டாக்டர் சொல்கிறார்.

அந்தக் கருவியை மாமா ஏன் வாங்கினார் தெரியுமா? என் மூஞ்சியைப் பார்த்து. உன் கம்பெனி விளம்பரத்தில் நான் ஒரு கீழ்வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு, எவ்வளவு தெளிவாக வருகிறது பாருங்கள் என்று பெங்காலியில் சிரிக்கிறேன். நான் அதைச் சொன்னது மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். தொட்டியை அழித்துவிட்டுச் சமையலறையை ஒட்டவைத்திருக்கிறார்கள். அது என் சமையலறைகூட இல்லை. என் சமையலறை என்றைக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது?

ஜனவரியில் நாங்கள் எல்லோரும் மாடியில் வெயில் காய்ந்துகொண்டு, ஆரஞ்சு உரித்துக்கொண்டே பார்த்தபோது கண்ணாடி மாதிரிதான் வந்தது. அதைச் சொன்னேன். சொல்லாத இடத்துக்கெல்லாம் என் வாயை இழுத்துக்கொண்டு போக உன் கம்பெனிக்கு யார் உரிமை கொடுத்தது? அந்தப் படத்தை உடனே எடுத்துவிடச் சொல். பதில் எழுது. ஃபோன் செய்யாதே, எடுக்க மாட்டேன்.

விஜயலட்சுமி


பெங்களூரு
2 ஆகஸ்ட் 2025

அக்காவுக்கு,

மாமா விஷயம் படித்ததிலிருந்து மனசே சரியில்லை. வீட்டில் பூர்ணிமாவும் அழுதாள். மாமியிடம் பேச வேண்டும் என்று ஃபோனை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன்.

ஆனால் நீ எழுதியிருப்பதில் எனக்கும் கோபம் வருகிறது. விளம்பரம் நான் எடுத்ததில்லை. அது மார்க்கெட்டிங். நான் சிக்னல் பார்க்கிற ஆள். அந்தச் சமையலறையை நானே உன் கடிதம் வந்த பிறகுதான் கவனித்தேன். அதோடு, அன்று மைக்கை நீட்டியதும் ஐந்து நிமிஷம் மூச்சு விடாமல் பேசியது நீதான். யாரும் உன்னைப் பிடித்துத் தள்ளவில்லை.

மாமாவிடம் இருப்பது பழுதான கருவியாக இருக்கலாம். ஏன் சொல்கிறேன் என்றால், டாக்குரியாவில் நாங்கள் செய்த சோதனையைப் போல நல்ல முடிவு வேறு எந்த ஊரிலும் வரவில்லை. உன் மூலமாக உங்கள் கட்டடத்திலும் பக்கத்துக் கட்டடங்களிலும் கொடுத்த கருவிகள் எல்லாம், சோதனைக்கென்று மட்டும் உள்ளே வைத்த சிம் மூலமாக, சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்று தாமாகவே எங்களுக்குக் கணக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிரமாதம். அதை வைத்துத்தான், சந்துகளில் வைப்பதற்காக வாங்க நினைத்த, சிக்னலைக் கூட்டிக் கொடுக்கிற சின்ன பூஸ்டர் பெட்டிகள் டாக்குரியாவுக்குத் தேவையே இல்லை என்று முடிவு செய்தோம். முடிவு செய்தோம் என்ன, நான்தான் எழுதினேன். அந்த ரிப்போர்ட்டில் என் கையெழுத்து இருக்கிறது. அடுத்த மாதம் டெல்லியில் மற்ற ஊர்களுக்கு அனுமதி கேட்டு நடக்கப்போகும் விசாரணையில் அதைத்தான் முதலில் வைக்கப்போகிறார்கள்.

ஒரே ஒரு விஷயம். நீ ஆரஞ்சு உரித்ததைப் பற்றி எழுதியிருக்கிறாயே, அதை மூன்று தடவை படித்தேன். "நாங்கள் எல்லோரும்" என்றால் யார் யார்? ஒருநாள் படம் எடுத்தபோது மட்டுமா, இல்லை சோதனை நடந்த நாளெல்லாம் மாடியில்தான் பார்த்தீர்களா? கருவி எந்தத் தெருவில் இருக்கிறது என்பது எங்கள் கணக்கில் வரும். எந்த மாடியில் இருக்கிறது என்பது வராது. இதற்கு மட்டும் நேராகப் பதில் சொல்.

சிவராம்


டாக்குரியா
7 ஆகஸ்ட் 2025

சிவராமுக்கு,

நேராகத்தானே பதில் வேண்டும்? ஆமாம். எல்லா நாளும், எல்லோரும், மாடியில்தான்.

கொல்கத்தாவில் டிசம்பர், ஜனவரியில் மத்தியானச் சாப்பாடு ஆனதும் கட்டடமே மாடிக்கு ஏறிவிடும். பாயை விரித்து, முதுகை வெயிலுக்குக் காட்டி, உப்பு தொட்டு ஆரஞ்சு சாப்பிட்டுவிட்டு, வெயில் இறங்கினால்தான் ஜனம் இறங்கும். இது உனக்குத் தெரியாதா? சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் குளிர்காலம் முழுக்க நீ மாடியில் கிடந்தாய். பரீட்சைக்குப் படித்ததே அங்கேதான். பெங்களூருவுக்குப் போய்ச் சிக்னல் பார்க்க ஆரம்பித்ததும் அது மறந்துவிட்டதா? வருஷத்தில் பத்து மாதம் ஜன்னல் கம்பிக்குள் அடைந்து கிடக்கிற ஊரில், எல்லோரும் மாடியில் இருக்கிற இரண்டு மாதத்தைப் பொறுக்கி எடுத்துச் சோதனை வைத்தவன் நீ.

இன்னொன்றும் இருக்கிறது. முதல் நாளே உனக்கு ஃபோன் செய்தேன். கீழே எடுக்கவில்லை, என் வீட்டு முதல் மாடியிலேயே பாதிப் படம்தான் வருகிறது என்றேன். அதற்கு நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "மாடியில போய்ப் பாரு, அக்கா." மாடியில் வந்தது. மறுநாள் கருவி கொடுத்த எல்லா வீட்டுக்கும் நானே போய்ச் சொன்னேன், கீழே உட்கார்ந்து கஷ்டப்படாதீர்கள், மேலே வாருங்கள் என்று. சா என்று இவர்கள் சொல்கிற டீயைப் போட்டுக் கொடுத்தேன். முரி, நம் பொரிதான், வறுத்துக் கொடுத்தேன். பாடாவில் எல்லோரும் விஜயாவைப் பிஜோயா ஆக்கி, "பிஜோயா தீதியின் தம்பி கண்டுபிடித்த டிவி" என்று சொல்லும்போது எனக்குக் கால் தரையில் இல்லை. என் தம்பியின் வேலை நன்றாக நடக்க வேண்டும் என்று மாடிப்படி ஏறி இறங்கியதற்கு நீ எனக்குக் கேள்வித்தாள் அனுப்புகிறாயா?

மாமியை இங்கே விட்டுவிட்டு, மாமா மட்டும் அப்போது மகள் வீட்டில், சென்னையில் இருந்தார். ஏப்ரலில் திரும்பி வந்து, விளம்பரத்தைப் பார்த்துவிட்டுக் கடையில் வாங்கி, என்னிடம் கொண்டுவந்து காட்டினார். கீழேயும் வருகிற மாதிரி நீங்கள் சரி செய்துவிட்டீர்கள் என்றுதான் நினைத்தேன். விற்பனைக்கு வந்த பொருளை வேறு எப்படி நினைப்பது?

விஜயலட்சுமி


பெங்களூரு
11 ஆகஸ்ட் 2025

அக்கா,

நீ என்ன செய்திருக்கிறாய் என்று தெரிகிறதா?

நான் மாடியில் போய்ப் பார் என்றது, கருவி வேலை செய்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள. ஒரே ஒரு தடவை. அங்கேயே கூடாரம் போட்டு ஊரைக் கூட்டச் சொல்லவில்லை. கீழே எடுக்கவில்லை என்றால் கீழேயே வைத்துக்கொண்டு, எடுக்கவில்லை என்று இருந்துவிட வேண்டியதுதானே? அந்த "எடுக்கவில்லை"தான் எங்களுக்கு வேண்டியது. அதற்குத்தான் சோதனை. நீ அதைத் துடைத்துச் சுத்தம் செய்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டாய். முதல் நாளுக்குப் பிறகு கீழ்வீடு ஒன்றிலிருந்துகூட ஒரு நாள் கணக்கு எனக்கு வரவில்லை. வந்திருந்தால் அந்தச் சந்தில் பூஸ்டர் வைத்திருப்போம். மாமாவுக்கு எச்சரிக்கை போயிருக்கும்.

எல்லோரையும் உபசரித்து, எல்லோரிடமும் நல்ல பெயர் வாங்க வேண்டும் உனக்கு. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

சிவராம்


டாக்குரியா
15 ஆகஸ்ட் 2025

சிவராமுக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஒட்டி மறுபடி படித்தேன். அவ்வளவு கோபம். படித்த பிறகு இன்னும் கோபம்.

நான் ரயில்வே ஆபீஸில் ஃபைல் தள்ளுகிறவள். எடுக்கவில்லை என்றால் அது உனக்கு வேண்டிய விஷயம் என்று எனக்கு யார் சொன்னார்கள்? கருவிகளை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்பினாய். கூட ஒரு தாள், ஆங்கிலத்தில், எப்படிச் சார்ஜ் போடுவது என்று. கீழே உட்கார்ந்து பாருங்கள், சமையலறையில் பாருங்கள், கட்டிலுக்கு அடியில் பாருங்கள் என்று ஒரு வார்த்தை இருந்ததா? இரண்டு மாதச் சோதனையில் நீ ஒரு நாள் வந்தாய். காரின் தலையில் ஆன்டெனாவைக் கட்டிக்கொண்டு தெருவைச் சுற்றினாய். காருக்குள்ளிருந்து இறங்கியது மாமி வீட்டில் அடை சாப்பிடத்தான். அந்தக் கீழ்வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாயே, அப்போது உன் சட்டைப்பையில் அந்தக் கருவி இருந்ததே, ஒரு தடவை எடுத்துப் பார்த்தாயா? உனக்கும் சேர்த்து நான் எதற்குப் பாவத்தைச் சுமக்க வேண்டும்?

கூட்டிக் கழித்துப் பார்த்தால், ஜனங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்காமலே அவர்கள் கையில் இருப்பதை எண்ணியிருக்கிறாய். தொண்ணூறு என்று வந்ததும் சந்தோஷப்பட்டு மேலே கேட்காமல் விட்டுவிட்டாய். நல்ல பெயர் ஆசை எனக்கு மட்டும்தானா?

சண்டை போதும் என்று நான் சொல்லவில்லை. அது இருக்கட்டும். முதலில் இதைச் செய். எங்கள் தெருக்கோடிக் கடையில் இன்னும் என் படத்தை ஒட்டி அந்தக் கருவியை விற்கிறார்கள். நேற்று டாக்குரியா ஸ்டேஷன் பக்கத்தில், ரயில் பாதையை ஒட்டிய தாழ்வான வீட்டிலிருந்து ஒரு பெண் வந்து, "தீதி, நீங்க சொன்னீங்கன்னுதான் வாங்கினேன்" என்று காட்டினாள். கையில் குழந்தை. அவள் வீட்டில் எடுக்காது என்று அவளிடம் சொன்னேன். விளம்பரத்தில் சிரிப்பது நானா, இல்லை எதிரே நிற்பது நானா என்று தெரியாத மாதிரி என்னைப் பார்த்தாள். இன்னும் பருவமழை முடியவில்லை. டெல்லியில் அந்த ரிப்போர்ட்டை வைத்து இன்னும் எத்தனை ஊருக்கு இதைக் கொண்டுபோகப் போகிறீர்கள்? நீ கையெழுத்துப் போட்டதை நீதான் தப்பு என்று சொல்ல வேண்டும்.

விஜயலட்சுமி


பெங்களூரு
23 ஆகஸ்ட் 2025

அக்காவுக்கு,

உன் கேள்விக்குப் பதில்: எடுத்துப் பார்க்கவில்லை. சட்டைப்பையில்தான் இருந்தது.

உன் கடிதம் வந்த அன்றே மேலதிகாரி கோவிந்தராஜனிடம் போனேன். நம்மவர், தஞ்சாவூர்ப் பக்கம், புரிந்துகொள்வார் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, விளம்பரத்தின் அடியில் "திறந்தவெளியில்" என்று பொடி எழுத்தில் ஒரு வார்த்தை சேர்த்துவிடலாம், ரிப்போர்ட்டைத் தொட வேண்டாம் என்றார். கீழ்வீட்டில் இருப்பவர்கள் மழைக்காலத்தில் திறந்தவெளிக்குப் போய் எச்சரிக்கை பார்க்க வேண்டுமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கடிதம் முடியாது.

அப்படியானால் டெல்லி விசாரணைக்கு நானே நேராக எழுதுகிறேன் என்றேன். அப்போதுதான் அவர் முகம் மாறியது. "எழுதுங்க. ஆனா டேட்டா எப்படித் தப்பாச்சுன்னு கேப்பாங்களே? உங்க அக்காதான் எல்லாரையும் மாடிக்கு ஏத்தினாங்கன்னு எழுதுவீங்களா? அவங்கதான் நம்ம விளம்பரத்துலயும் இருக்காங்க" என்றார்.

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது, அக்கா. ரிப்போர்ட் தப்பு என்று மட்டும் எழுதினால் அதற்கு மதிப்பில்லை. வேலையில் மனக்கசப்பு, அதனால் புகார் என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். கருவிகள் எல்லாம் மாடியில் இருந்தன, இன்னாருடைய பொறுப்பில் இருந்தன, அவரே அதைச் சொல்கிறார் என்று இருந்தால்தான் நிற்கும். உன் பெயரைப் போட வேண்டும். போட்டால் பத்திரிகைக்குப் போகும், பாடாவுக்கு வரும். கம்பெனி மொத்தப் பழியையும் உன் தலையில் கட்டப் பார்க்கும். துர்கா பூஜைக்குப் பந்தலில் எந்த முகத்தோடு நீ நிற்பாய் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு வேலை போகும், அது போகட்டும். பூர்ணிமாவிடம் சொல்லிவிட்டேன்.

எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு விதமாக. ஒன்றில் உன் பெயர் இருக்கிறது, ஒன்றில் இல்லை. போன கடிதத்தில் நான் எழுதிய கடைசி வரிக்காக இப்போது மன்னிப்புக் கேட்டால், காரியத்துக்காகக் கேட்கிறேன் என்பாய். அதனால் கேட்கவில்லை. எதை அனுப்பட்டும்?

சிவராம்


டாக்குரியா
29 ஆகஸ்ட் 2025

சிவராமுக்கு,

இரண்டு விதமாக எழுதி வைத்துக்கொண்டு என்னிடம் கேட்கிறாயே, அதற்கே உன்னை நாலு வார்த்தை திட்ட வேண்டும். என் பெயர் இருக்கிறதை அனுப்பு. முழுப் பெயரையும் எழுது, எந்தக் கட்டடம், எந்த மாடி என்று எழுது. நானும் தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். முதலில் கீழே எடுக்கவில்லை என்று நான் சொன்னதையும், நீ மாடிக்குப் போகச் சொன்னதையும் அதில் சேர்த்திருக்கிறேன். உன்னைத் தப்பவிடுவேன் என்று நினைக்காதே. தண்ணீர்த் தொட்டி இருந்த இடத்தில் சமையலறை வந்த கதையையும் எழுதியிருக்கிறேன். பழியை என் தலையில் கட்ட வருகிறவர்கள் அதற்கும் பதில் சொல்லிவிட்டுக் கட்டட்டும். உன் கோவிந்தராஜனிடம், அவருடைய பொடி எழுத்தைப் பட்டாபி மாமாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து படித்துக் காட்டச் சொல்.

தெருக்கோடிக் கடையில் இருந்த என் படத்தை நானே கிழித்துவிட்டேன். கடைக்காரன் கம்பெனிக்காரர்கள் கேட்பார்கள் என்றான். என் மூஞ்சி, நான் கிழிக்கிறேன் என்றேன். அந்த ஸ்டேஷன் பக்கத்துப் பெண்ணிடமிருந்து கருவியைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி அவனோடு கத்திக்கொண்டிருந்தபோது பாடாவே கூடிவிட்டது. அங்கேயே எல்லோர் முன்னாலும் சொன்னேன், ஜனவரியில் உங்களையெல்லாம் மாடிக்குக் கூப்பிட்டது எவ்வளவு பெரிய தப்பு என்று. யாருக்கும் சரியாகப் புரியவில்லை. சா கொடுத்ததில் என்ன தப்பு, தீதி என்று தேப்நாத் கேட்கிறார்.

புரிந்துகொண்டவர்கள் கீழ்வீட்டில்தான் இருந்தார்கள். பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று நேற்று சாயங்காலம் நானே போனேன். மாமா படுத்திருந்தார். ஆரம்பத்திலிருந்து சொன்னேன். பூஸ்டர் பெட்டி வைக்காமல் விட்டது எதனால் என்பதையும் சொன்னேன். துறைமுகத்தில் இருந்த மனுஷர், எனக்கு முன்னாலேயே அவருக்குக் கணக்குப் பிடிபட்டுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டார். மாமிதான் பேசினாள். "நான் மேல போலாம்னு கூப்பிட்டேன். அவர் பெட்டி மேல இருந்த உன் படத்தைக் காட்டி, விஜயா பொய் சொல்ல மாட்டாடின்னார்" என்றாள். சத்தம்கூடப் போடவில்லை.

நான் எழுந்தேன். மாமி வாசல் வரை வந்தாள். காபி சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லவில்லை. அந்த வீட்டிலிருந்து காபி குடிக்காமல் நான் திரும்பி வந்ததே கிடையாது, சிவா. படியில் நின்றுகொண்டு, கூப்பிடுவாளோ என்று கொஞ்ச நேரம் பார்த்தேன்.

உன் மேல் கோபம் குறையவில்லை. டெல்லிக்கு அனுப்பிய கையோடு ரயில் ஏறு. நாளைக்கு அவருக்கு மருந்து வாங்கிக் கொடுக்க நான் மறுபடி போக வேண்டும், நாளன்றைக்கும் போக வேண்டும். அந்த வாசலில் தனியாகப் போய் நிற்க என்னால் முடியவில்லை. நீயும் வந்து நில்.

விஜயலட்சுமி